முப்பத்தாறாவது கம்பி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. முழங்காலோடு முழங்கால் இடித்தால் இடிக்கட்டும். கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கம்பியின் கதை. இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கம்பி இல்லாமல் போனதால் எட்டு வீடு ஆற்றோடு போக இருந்த கதை. மொத்தம் நாலு நாள் சங்கதிதான். ஆனால் அந்த நாலு நாளும் ஒருத்தி உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை.

அவளைத் தெருவில் எல்லோரும் ஒட்டுக்காரி என்பார்கள். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். ட்ரோன் என்று ஒரு குட்டி விமானம் இருக்கிறதே, அது மேலே பறந்து துண்டு துண்டாகப் படம் எடுத்துக்கொண்டு வரும். ஒரு படத்தில் பாதிக் கூரை, அடுத்ததில் மீதிக் கூரை. அந்தத் துண்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒட்டி ஒரே வரைபடமாக ஆக்கித் தருவது அவள் பிழைப்பு. கை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஒட்டு எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது.

அவள் வீடு தெருவின் கடைக்கோடிப் பக்கம், நூற்று நான்காம் எண். தெரு மேட்டில் தொடங்கி ஆற்றைப் பார்த்து இறங்கும். தொண்ணூற்றொன்பது வரை பழைய வீடுகள். அதற்குக் கீழே, நூறிலிருந்து நூற்றேழு வரை எட்டு வீடுகள், ஆறேழு வருஷத்துக்குள் எழும்பியவை. போன மழையில் ஆறு வந்து இந்த எட்டு வீட்டுப் படிகளையும் நக்கிவிட்டுப் போனது. நூற்றாறாம் எண் நர்ஸக்கா வீட்டில் கட்டிலுக்கு அடியில் மீன் குஞ்சு நீந்தியது. அடுத்த மழை படியோடு நிற்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நீர்ப்பணி அலுவலகம் கரையில் சுவர் கட்டப் போகிறது என்று கேள்விப்பட்டதும் எட்டு வீட்டுக்காரர்களுக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒட்டுக்காரி திங்கட்கிழமை போய் அந்தச் சுவரின் வரைபடத்தைப் பார்த்தாள். பார்த்தவள் விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனாள். சுவர் ஆற்றோரமாக ஒழுங்காகத்தான் வருகிறது. தொண்ணூற்றொன்பதாம் வீடு தாண்டியதும் சட்டென்று வளைந்து, தெருவைக் குறுக்கே வெட்டி முடிந்துவிடுகிறது. எட்டு வீடும் சுவருக்கு வெளியே, ஆற்றின் பக்கம்.

"என்ன சார் இது? நாங்க எட்டு வீடு கீழ இருக்கோமே!" என்றாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா பட்டியலைப் புரட்டினார். "எங்க லிஸ்ட்ல அப்படி எதுவும் இல்லையேம்மா. தெருவுல மொத்தம் தொண்ணூத்தொன்பது வீடு. எல்லாருக்கும் நோட்டீஸ் போயாச்சு."

"எங்களுக்கு வரலையே."

"லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்கு வந்திருக்கும்."

"லிஸ்ட்ல இல்லாதவங்களுக்கு?"

"லிஸ்ட்ல இல்லாதவங்களுக்கு எப்படிம்மா அனுப்புறது?" என்றார் அவர், நியாயமாகத்தான். "வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். ஆட்சேபணை இருந்தா அங்க வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் சுவருக்குக் கோடு போட்டுடுவோம். போட்டா போட்டதுதான்."

சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணால் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும்? தெரிந்த சர்வேயர் ஒருவரைப் பிடித்து, செவ்வாய்க்கிழமை தெரு முழுக்க, ஆற்றின் இரு கரையோடும், ட்ரோன் பறக்க விட்டாள். ஆயிரத்து அறுநூற்று நாற்பது படங்கள். மொட்டை மாடியில் நின்று கையை ஆட்டும் நர்ஸக்கா உட்பட எல்லாம் அதில் இருந்தது. இனி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

புதன்கிழமை விடிந்ததும் ஒட்ட உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் அறுபது விழுக்காடு வரைக்கும் போய், மூச்சு முட்டினது போல் நின்று, அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அறுபது. மூன்றாம் தடவை ஸ்கிரீனில் எழுதியே காட்டிவிட்டது: மெமரி போதவில்லை.

இந்த மெமரி என்பது என்ன தெரியுமா கண்ணுகளா? நாம் வேலை செய்யும் மேஜை மாதிரி. அலமாரியில் ஆயிரம் துணி இருக்கலாம், வெட்டித் தைக்க வேண்டுமானால் மேஜையில் விரித்துத்தான் ஆக வேண்டும். மேஜை சின்னதானால் துணி தரையில் சரியும். அவள் மேஜை முப்பத்திரண்டு ஜிபி. அத்தனை படத்தையும் ஒன்றாக விரிக்க அது காணாது.

ஒட்டுக்காரி கடைக்கு ஓடினாள். பெரிய மெமரிப் பட்டை நாலு, மொத்தம் அறுபத்துநாலு ஜிபிக்கு, வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். மகள் எப்போதோ உட்கார்ந்து போன தள்ளுவண்டி ஒன்று மூலையில் கிடந்தது. பிள்ளை வளர்ந்தது, வண்டி வளரவில்லை. அதில் கம்ப்யூட்டர் பெட்டியை உட்கார வைத்து, போர்வை சுற்றி, மூன்று தெரு தள்ளி இருந்த கொழுந்தன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

வழியில் நர்ஸக்கா பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, யாருகிட்டயும் சொல்லாம எப்ப பெத்தே?"

"பெத்துட்டுத்தான் படறேன். வழி விடுங்கக்கா."

"வரைபடம் முடிஞ்சுதா?"

"முடியும்."

"உன்னைத்தாண்டி மலை போல நம்பியிருக்கோம். எட்டு வீட்டுலயும் விவரம் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

அந்தச் சொல் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வண்டியைவிட அது கனத்தது.

கொழுந்தனுக்குக் கடைத்தெருவில் திருகாணி என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் பத்து ஸ்க்ரூ கிணுகிணுத்துக்கொண்டிருக்கும். துவைக்கப் போட்டால் மிஷின் கத்தும் என்று அவன் பெண்டாட்டி புலம்புவாள். கம்ப்யூட்டர் ரிப்பேரில் கெட்டிக்காரன். பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரன்.

"வாங்க அண்ணி. குழந்தை அண்ணன் ஜாடையா இருக்கே," என்று போர்வையை விலக்கினான்.

"விளையாட்டெல்லாம் அப்புறம். இந்த நாலையும் மாட்டிக் கொடு. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம்."

பழைய பட்டைகளைக் கழற்றிப் புதியவற்றை அழுத்தினான். சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. ஸ்கிரீன் கறுப்பு. பீப், பீப், பீப் என்று மூன்று கூவல்.

கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினான். மூன்று கூவல். இரண்டை மட்டும் மாட்டினான். ஒன்றை மட்டும் மாட்டினான். அந்த ஒன்றுக்கும் மூன்று கூவல். பழையதைத் திரும்ப மாட்டினால் மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சாதுவாக எழுந்து நின்றது.

ஒட்டுக்காரி கடை வாசலுக்கும் உள் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு முறை கடிகாரத்தைப் பார்ப்பாள், இங்கே ஒரு முறை ஸ்கிரீனைப் பார்ப்பாள்.

"அண்ணி, நீங்க நடக்கிற நடைக்குத் தரை தேய்ஞ்சு கீழ் வீட்டுக்காரன் எட்டிப் பார்க்கப் போறான். உட்காருங்க."

"உட்கார்ந்தா எழுந்துக்க மாட்டேன். என்னன்னு சொல்லு. பட்டை கெட்டதா?"

"பட்டை நல்லாத்தான் இருக்கு. பிராசசர்தான் ஒத்துக்கமாட்டேங்குது." மதர்போர்டு நடுவில் இருந்த சதுரச் சில்லைத் தொட்டுக் காட்டினான். "இது பழசு. பட்டைக்கு எட்டு ஜிபி, நாலுக்கும் சேர்த்து முப்பத்திரண்டு, அதுக்கு மேல தாங்காது."

"தாங்காதுன்னா? மேஜையைப் பெருசாக்கினா கை வலிக்குமா அதுக்கு?"

"கை வலிக்காது. கை எட்டாது."

பக்கத்தில் கிடந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டான். "மெமரிங்கிறது ஒரு பெரிய தெரு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு எண் இருக்கு. நாலாம் கதவுல இதை வை, ஒன்பதாம் கதவுல இருக்கிறதை எடுன்னு பிராசசர் சொல்லணும். அந்த எண்ணை எப்படிச் சொல்லும்? கம்பி வழியா. ஒரு கம்பியில ஒண்ணு மின்சாரம் இருக்கும், இல்லைன்னா இருக்காது. அப்ப ஒரு கம்பி இருந்தா எத்தனை கதவைக் கூப்பிடலாம்?"

"ரெண்டு."

"ரெண்டு கம்பி?"

"நாலு. மூணு கம்பின்னா எட்டு. எனக்கும் கணக்கு வரும், மேல சொல்லு."

"அப்படியே பெருக்கிட்டே போங்க. முப்பத்தஞ்சு கம்பிக்கு முப்பத்திரண்டு ஜிபி. அவ்வளவுதான் இந்தச் சில்லோட கை. நிஜத்துல சில்லு செய்யறவன் ஒரே கம்பியை ரெண்டு தடவை உபயோகிப்பான், அது வேற வித்தை. கணக்குக்கு இதான்."

"அறுபத்துநாலுக்கு?"

"முப்பத்தாறு."

ஒட்டுக்காரி நடையை நிறுத்தினாள். "ஒண்ணா? ஒரே ஒரு கம்பி கூட இருந்தா போதுமா?"

"ஒரே ஒரு கம்பி."

"அந்த ஒரு கம்பியை வச்சா அவன் சொத்து அழிஞ்சிடுமா?"

"கேக்க ஈஸியா இருக்கு அண்ணி. சில்லு விரல் நக அளவு. அதுக்குள்ள இடம் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. கம்பி கூடினா காலு கூடும், காலு கூடினா சூடு கூடும், ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பார்க்கணும். இந்தச் சில்லு வந்தப்போ இவ்வளவு பெரிய பட்டையே கடையில கிடையாது. இல்லாததை எப்படிச் சோதிக்கிறது? சோதிக்காததுக்கு எப்படி வாக்குக் கொடுக்கிறது? அதான், இவ்வளவு போதும்னு கோடு போட்டுட்டான். சில பேரு உள்ள கம்பியை வச்சுட்டு, பெரிய மாடலை விக்கிறதுக்காக இதுல மூடி வைக்கிறதும் உண்டு. இது அந்த ரகம் இல்லை. இதுக்கு நிஜமாவே தெரியாது."

"எந்த மகராசன் போதும்னு சொன்னான்?" அவளுக்குக் குரல் உயர்ந்தது. சாலையில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "வீடு முழுகப் போறவளுக்குத் தெரியும் போதுமா போதாதான்னு. நாற்காலியில உட்கார்ந்துகிட்டுப் போதும்னு சொன்னானே, அவன் வீட்டு வாசப்படிக்கு ஒரு நாள் தண்ணி வரணும்! அப்பத் தெரியும்!"

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான்.

வேறு கம்ப்யூட்டருக்கு வழி உண்டா என்று கேட்டாள். கடையில் இருந்தவை இதைவிடச் சின்னவை. பெரியது வரவழைத்தால் ஒரு வாரம். இன்டர்நெட் வழியாக வெளியூர்ப் பெரிய மிஷினுக்கு அனுப்பலாமா என்றாள். இந்தத் தெரு வேகத்துக்கு ஆயிரத்தறுநூறு படம் ஏற நாலு நாள் ஆகும் என்றான்.

"அண்ணி, ரெண்டு பாதியாப் பிரிச்சு ஒட்டுங்களேன்."

"பாதிப் பாதியா கொடுத்தா, வேற ஊர்ப் படத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கேன்னு சொல்லுவாங்க. ஒரே படமா, மேட்டிலேர்ந்து ஆறு வரைக்கும் காட்டணும். அப்பதான் வாய் மூடும்." மறுபடி நடக்கத் தொடங்கினாள். "சரி, தெரியாத கதவுன்னா விட்டுட்டு, தெரிஞ்ச வரைக்கும் வேலை செய்யக் கூடாதா? எதுக்கு மூணு தடவை கூவிட்டுச் செத்துப் போகுது?"

"அது நல்லதுக்குத்தான்." திருகாணி சிரித்தான். "அந்தக் காலத்துச் சில மிஷின் கூவாது. கம்பி எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் எண்ணை அனுப்பும். முன்னால இருக்கிற இலக்கம் கீழ விழுந்துடும், பின்னால இருக்கிறது மட்டும் போய்ச் சேரும். நூத்தினாலாம் கதவுக்குக் கொடுத்ததை நாலாம் கதவுல கொண்டு போய் வச்சிடும். யாருக்கும் தெரியாது. மிஷின் சமத்தா ஓடிக்கிட்டிருக்கும். நாலாம் கதவுல ரெண்டு பேர் சாமான், நூத்தினாலுல ஒண்ணுமே இல்லை. அதைவிட இது மேல் இல்லையா?"

தன் கதவு எண்ணை உதாரணத்துக்கு இழுத்தானே என்று ஒரு கணம் அவளுக்கு எரிச்சல் வந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தவர் அப்போதுதான் கடைக்குள் நுழைந்தார்.

மேட்டுப் பக்கம் நாலாம் எண்ணில் குடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக்காரர். சின்ன ஸ்க்ரூ ஒன்று வேண்டும் என்று வருவார், அரை மணி பேசிவிட்டு அதை மறந்துவிட்டுப் போவார். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து உடைந்த கண்ணாடியை மேஜையில் வைத்தார்.

"திருகாணி, இதுக்குப் பொருத்தமா ஒண்ணு கொடு. அம்மா, நீங்களா? ஆத்துல குதிக்கப் போறவங்க மாதிரி ஏன் நடக்கறீங்க?"

"குதிக்க வேண்டாம் சார், அதுவே வரும். உங்களுக்கென்ன, மேட்டுல இருக்கீங்க, நோட்டீஸ் வந்திருக்கும்."

"ஒண்ணா? ரெண்டு வந்துது!" அவருக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. "ஒரே மாதிரி ரெண்டு. கண்ணுல கோளாறோன்னு கண்ணாடியை மாத்திப் பார்த்தேன், அப்பவும் ரெண்டு. எனக்கு மட்டும் இல்லை. ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ஏழாம் நம்பர் வரைக்கும் வீட்டுக்கு ரெண்டு. எட்டாம் நம்பர்காரர் தனக்கு மட்டும் ஏன் ஒண்ணுன்னு தபால்காரரோட சண்டை. ஒண்ணைப் பத்திரமா வச்சேன், இன்னொண்ணை இதோ, பொட்டலம் கட்டினேன்."

ஒட்டுக்காரி அந்தக் காகிதத்தை எடுத்து நீவினாள். குடியிருப்பவருக்கு என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அதன் மேல் இரண்டு சின்னச் சதுரப் பெட்டி. முதல் பெட்டியில் சுழி, அதாவது பூஜ்யம். இரண்டாம் பெட்டியில் நாலு.

இரண்டே இரண்டு பெட்டி.

ஒன்று முதல் ஏழு வரை இரண்டிரண்டு. நூற்றொன்று முதல் நூற்றேழு வரை ஒன்றுமில்லை.

அவ்வளவு நேரமும் உட்காராதவள் அப்போது உட்கார்ந்தாள். நாற்காலி இருக்கிறதா என்று பார்த்து உட்காரவில்லை. நல்ல வேளை, தள்ளுவண்டி இருந்தது.

"அண்ணி? என்ன ஆச்சு?"

"அந்தப் பெட்டி," என்றாள். "அதை வச்சது நான்தான்."

கேளுங்கள் கண்ணுகளா. பதினாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், அவள் அதே நீர்ப்பணி அலுவலகத்தில் எட்டு மாசம் தற்காலிக வேலை பார்த்தாள். தெருத் தெருவாக வீடுகளைப் பதிய ஒரு படிவம் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரில் அதை வரைந்தவள் இவள். சுறுசுறுப்பாக, ஆசையாக, கோடு பிசகாமல் வரைந்தாள். இளம் பொறியாளர் ஒருவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கேட்டார்: "கதவு எண்ணுக்கு ரெண்டு பெட்டி போதுமா, மூணு வைக்கலாமா?" மூன்று வைத்தால் கடைசிப் பத்தி அடுத்த தாளுக்குப் போய்விடும், ஊரிலேயே நீளமான தெருவில் அன்றைக்குத் தொண்ணூற்றொரு வீடு. ஒரு பெட்டிக்காக இன்னொரு தாளா? அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "போதும் சார். அதுக்குக் கீழ நாணல் காடு. அங்க யார் வீடு கட்டப் போறாங்க, தவளையா?"

ஒற்றை இலக்கம் அழகாகச் சுழியோடு விழ வேண்டும் என்று எண்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தள்ளும்படி வைத்ததும் அவள்தான். ஒன்று அடித்தால் வலக்கோடியில் நிற்கும். சுழி அடித்தால் ஒன்று இடப்பக்கம் நகரும். அதற்கு மேல் நாலு அடித்தால், ஒன்று பெட்டியை விட்டுக் கீழே விழுந்துவிடும். சுழி நாலு. கூவாத மிஷின். சமத்தாக ஓடும் மிஷின்.

கல்யாணமாகி, கஷ்டப்பட்டுச் சேர்த்து, நாணல் வெட்டின இடத்தில் வீடு கட்டி, கதவில் நூற்றுநாலு என்று தன் கையாலேயே எழுதினாளே, அன்றைக்கும் அவளுக்கு இந்த ஞாபகம் வரவில்லை.

"போதும்னு சொன்ன மகராசன்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து போதும் என்று சொன்னவள் வீட்டுப் படிக்குத் தண்ணீர் வந்தே விட்டிருந்தது.

கண்ணாடிக்காரர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திருகாணிதான் முதலில் தேறினான். "அண்ணி, இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? ஏழு வீட்டு ரெண்டாவது நோட்டீஸையும் வாங்கிட்டுப் போய்ப் போடுங்க. ஆபீஸ் தப்புன்னு சொல்லுங்க. உங்க பேரை ஏன் இழுக்கறீங்க? நாளைக்கு அவங்ககிட்டயே வேலை வாங்கணும். எட்டு வீட்டுக்காரங்க மூஞ்சியில முழிக்கணும்."

"தபால்ல ரெண்டு காப்பி போயிடுச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி முடிச்சிடுவாங்கடா. லிஸ்ட் அப்படியே இருக்கும்."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

அவள் பொட்டலக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டியிலிருந்து எழுந்து, கம்ப்யூட்டரை அதில் ஏற்றினாள். பழைய பட்டையோடு, பழைய முப்பத்திரண்டோடு. போகிற வழியில் மேட்டு வீடுகளில் ஏறி மற்ற இரட்டை நோட்டீஸ்களையும் வாங்கிக்கொண்டாள்.

அன்று மீதி நேரம் முழுக்க ஒட்டினாள். ஒரே படமாக அல்ல. மேல் பாதி தனி, கீழ்ப் பாதி தனி. இரண்டிலும் அறுபதாம் வீடு வரும்படி வெட்டினாள், ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பொருந்தும்படி. மேஜை சின்னதானால் துணியை மடித்துப் போடத்தானே வேண்டும்? தாங்குகிற அளவுக்குக் கொடுத்ததும் அந்தப் பழைய சில்லு முணுமுணுக்காமல் வேலையை முடித்தது. ஆனால் அவள் மனசுதான் ஒரு பாதியிலிருந்து இன்னொரு பாதிக்கு ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிடு என்றது ஒரு பாதி. சொல்லாதே, நர்ஸக்கா உன்னை மலை போல நம்புகிறாள் என்றது இன்னொரு பாதி. தண்ணீர் குடிக்கப் போய் அடுக்களையில் எதற்கு வந்தோம் என்று நின்றாள். இரண்டு முறை செருப்பு மாட்டிக்கொண்டு நர்ஸக்கா வீட்டு வாசல் வரை போனாள். இரண்டு முறையும் திரும்பி வந்தாள்.

வியாழக்கிழமை பத்து மணி. நீண்ட அறை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பெரிய ஸ்கிரீன். மேட்டு வீட்டுக்காரர்கள் முன்னால், கீழ் வீட்டுக்காரர்கள் பின்னால். மேஜையில் தலைமைப் பொறியாளர். காதோரம் நரைத்திருந்தாலும் ஒட்டுக்காரிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அன்றைக்குத் தோளுக்குப் பின்னால் நின்றவர்.

அவள் முதலில் இரண்டு பாதி வரைபடத்தையும் விரித்தாள். குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "வீடு இருக்கு, சரி. ஆனா இது எங்க லிஸ்ட்ல ஏன் இல்லைங்கிறதுதானே கேள்வி. அனுமதி இல்லாம கட்டினதா இருக்கலாம்."

பின்வரிசை கொதித்தது. "யாரு அனுமதி இல்லாம கட்டினது? பதிஞ்ச ரசீது இருக்கு!" என்று நர்ஸக்கா எழுந்தாள்.

"பதிஞ்சிருந்தா லிஸ்ட்ல இருக்கணுமே."

"இருக்கு," என்றாள் ஒட்டுக்காரி.

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் ஏழு இரட்டை நோட்டீஸையும் மேஜையில் பரப்பினாள். "எங்க எண் லிஸ்ட்லதான் இருக்கு சார். நாங்க ஒண்ணாம் வீட்டுலயும், நாலாம் வீட்டுலயும், ஏழாம் வீட்டுலயும் ஒளிஞ்சுகிட்டிருக்கோம். அந்தப் படிவத்தைத் திறந்து ஸ்கிரீன்ல காட்டுங்க. கதவு எண் நூத்திநாலுன்னு அடிங்க."

பொறியாளர் குமாஸ்தாவைப் பார்த்துத் தலையசைத்தார். குமாஸ்தா அடித்தார்.

சுழி ஒன்று. ஒன்று சுழி. சுழி நாலு.

"திரும்ப அடிங்க," என்றார் பொறியாளர். மறுபடியும் எல்லோர் கண் முன்னாலும் அந்த ஒன்று இடப்பக்கம் நகர்ந்து, விளிம்பில் நின்று, விழுந்தது.

"நோட்டீஸ் அடிக்கிறது வரிக்கு ஒண்ணு. வீட்டை எண்ணுறது எண்ணுக்கு ஒண்ணு," என்றாள் அவள். "அதான் நாலாம் வீட்டுக்கு ரெண்டு நோட்டீஸ், ஆனா உங்க கணக்குல ஒரே வீடு. நூறாம் வீடு சுழி சுழின்னு விழுந்ததால கணக்குல சேரலை; அதுக்குப் போன நோட்டீஸும் அப்படி வீடே இல்லைன்னு திரும்பி வந்திருக்கும், பாருங்க."

குமாஸ்தா ஒரு கட்டைக் கிளறினார். திரும்பி வந்த உறை ஒன்று இருந்தது. அவர் முகம் தொங்கிப் போயிற்று. "இந்தப் படிவத்தை யார் போட்டாங்கன்னே தெரியலை சார், நான் வர்றதுக்கு முந்தியே..."

இங்கே அவள் சும்மா இருந்திருக்கலாம் கண்ணுகளா. யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குமாஸ்தா தன் மேல் பழி விழுமோ என்று பயந்து தாளைத் தாளைப் புரட்டினாரே, அதை அவளால் பார்க்க முடியவில்லை.

"நான் போட்டேன்," என்றாள். "பதினாலு வருஷத்துக்கு முன்னால. ரெண்டு பெட்டி போதும்னு சொன்னது நான்தான்."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவளை உற்றுப் பார்த்தார். மெல்ல, வெகு மெல்ல, ஒரு சிரிப்பு அவர் வாயோரத்தில் வந்தது. "தவளையா கட்டப் போகுதுன்னு கேட்டீங்க."

"ஆமா சார்."

"போதும்னு கையெழுத்துப் போட்டது நான்," என்றார் அவர்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நர்ஸக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். ஒட்டுக்காரிக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஏண்டி," என்றாள் நர்ஸக்கா, "அப்ப நாங்கெல்லாம் தவளையாடி?"

யாரோ முதலில் சிரித்தார்கள், கண்ணாடிக்காரராகத்தான் இருக்கும். பிறகு அறையே சிரித்தது. நர்ஸக்கா சிரிக்கவில்லை. வரிசையைத் தாண்டி வந்து, ஒட்டுக்காரி கையைப் பிடித்து, நெறித்துவிடுகிற மாதிரி அழுத்தினாள். "வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்துட்டு வந்துட்டுப் போனியே, இதுக்குத்தானா? பைத்தியம். வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு," என்றாள் காதோடு.

அன்றைக்குக் கோடு போடவில்லை. எட்டு வீட்டையும் பட்டியலில் சேர்த்து, சுவரை ஆறு வரை நீட்டி, புது வரைபடம் வைத்து மூன்று வாரத்தில் மறுகூட்டம் என்று எழுதிப் படித்தார்கள். எழுந்திருக்கும்போது பொறியாளர் கேட்டார்: "அம்மா, இப்பச் சொல்லுங்க. எத்தனை பெட்டி வைக்கலாம்?"

"மூணு போ..." என்று வாயெடுத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கக் கரையிலும் நாணல் இருக்கிறது. அங்கே யார் கட்டப் போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? "அஞ்சு வையுங்க சார். அடுத்த தாளுக்குப் போனா போகட்டும். அதோட, அஞ்சுக்கு மேல யாராவது அடிச்சா மிஷின் சும்மா இருக்கக் கூடாது. மூணு தடவை கூவணும்."

இருபதாம் நாள் தபால்காரர் நூற்று நான்காம் கதவைத் தட்டினார். நோட்டீஸில் ஐந்து பெட்டி; முதல் இரண்டில் சுழி, அடுத்து ஒன்று, சுழி, நாலு. வரைபடத்தில் சுவர் எட்டு வீட்டையும் அணைத்துக்கொண்டு போய் ஆற்றோரம் திரும்பியது. ஒட்டுக்காரி அதை வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து, திருப்பித் திருப்பிப் படித்தாள். ஆம், உட்கார்ந்துதான். வாங்கிவந்த நாலு பட்டையும் இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன, கம்பி உள்ள ஒரு சில்லுக்காகக் காத்துக்கொண்டு.

நீங்களும் எழுந்து வீட்டுக்குப் போங்கள் கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டு எண் எந்தப் பெட்டியிலும் முழுசாக அடங்கட்டும். உங்களுக்கு வர வேண்டியது உங்கள் கதவுக்கே வந்து சேரட்டும். இருக்கிறவர்களுக்கு மேல் ஒருவர் கூடுதலாக வந்தாலும் உங்கள் வீட்டில் உட்கார இடம் இருக்கட்டும். உங்கள் படியைத் தாண்டி உள்ளே வருவது நல்ல சேதியாகவே இருக்கட்டும், தண்ணீராக இருக்க வேண்டாம்.